அவர் ஃபீல்டுல இருக்கும்போது படிங்க, பீஸ் ஸ்டேஷன் வந்ததும் வேலை தேடுங்க: பட்டாளத்து வீட்டுப் பெண்கள் கேள்வி பதில்

போன இதழ்ல ராணுவத்துல இருக்கறவங்களோட மனைவிமார் படிப்பு, வேலை சம்பந்தமா கேள்வி அனுப்பலாம்னு சொல்லியிருந்தோம், லெட்டரும் வாட்ஸ்அப்பும் குவிஞ்சிடுச்சு. வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பக்கத்துல இருந்துதான் அதிகம், அது ஆச்சரியம் இல்ல, கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டைன்னு பேரு சும்மாவா வந்துச்சு. யாரோட பேரும், யூனிட்டும், ஸ்டேஷனும் இங்க போடல. நிறைய பேர் போட வேணாம்னு கேட்டிருந்தீங்க, கேக்காட்டியும் போட்டிருக்க மாட்டோம்.

கேள்வி: அக்கா, நான் பி.எஸ்சி. மேத்ஸ். கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஆகுது. வீட்டுக்காரர் நாயக், இப்ப ஃபீல்ட் போஸ்டிங், குடும்பத்தைக் கூட்டிட்டுப் போக முடியாது, நான் மாமியார் வீட்ல இருக்கேன். அடுத்த வருஷக் கடைசில பீஸ் ஸ்டேஷன் கிடைக்கும், குவார்ட்டர்ஸ் வாங்கிட்டு கூட்டிட்டுப் போறேங்கறார். ஆர்மி ஸ்கூல்ல டீச்சரா போயிடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. பி.எட். இங்கயே சேரவா, இல்ல அங்க போய் பாத்துக்கலாமா? – குடியாத்தம் பக்கத்துல இருந்து ஒரு வாசகி

பதில்: இங்கயே, இந்த வருஷமே சேருங்க. பட்டாளத்து வாழ்க்கைல ஃபீல்டும் பீஸும் ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாறி மாறி வரும்ல, ஃபீல்ட் டைம்ல நீங்க ஊர்ல ஒரே இடத்துல இருக்கீங்க, காலேஜ் பக்கத்துல, பாஷை பிரச்சனை இல்ல, குழந்தை இருந்தா பாத்துக்க ஆள் இருக்கு, படிப்புக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. நம்ம பொண்ணுங்க நிறைய பேர் இதைத் தலைகீழா பண்றாங்க, அவர் ஃபீல்டுல இருக்கற காலம் பூரா டிவி சீரியலும் போன்காலுமா ஓட்டிட்டு, பீஸ் ஸ்டேஷன் போனப்புறம் அங்க காலேஜ் தேடுவாங்க, முதல் வருஷம் முடியறதுக்குள்ள அடுத்த போஸ்டிங் ஆர்டர் வந்து நிக்கும்.

பி.எட். ரெண்டு வருஷம். உங்க கணக்குப்படி கடைசி சில மாசம் அவர் பீஸ்ல இருக்கும்போது நீங்க ஊர்ல இருக்க வேண்டி வரும். பரவால்ல. ஜவான்களுக்கு குவார்ட்டர்ஸ் சீனியாரிட்டி லிஸ்ட்படிதான், போன அன்னிக்கே சாவி குடுக்க மாட்டாங்க, எப்படியும் வெயிட்டிங் இருக்கும். அந்த கேப்ல கோர்ஸ் முடிஞ்சிடும்.

இதுல ஒரு விஷயத்தை முதல்லயே தெளிவு பண்ணிக்கோங்க. பி.எட். முடிச்சா ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து எல்லாத்துக்கும் எடுக்கலாம்னு பழைய ஞாபகத்துல இன்னும் சொல்லிட்டிருக்காங்க. 2023 ஆகஸ்ட் 11-ம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கப்புறம் ஒண்ணுலேர்ந்து அஞ்சு வரைக்கும் எடுக்கற பிரைமரி டீச்சர் வேலைக்கு பி.எட். செல்லாது, அதுக்கு டி.எல்.எட்.ங்கற தொடக்கக் கல்வி டிப்ளமா வேணும். நீங்க மேத்ஸ் டிகிரி, அதனால ஆறாங்கிளாஸ்லேர்ந்து எடுக்கற டிஜிடி, அதாவது பட்டதாரி ஆசிரியர் போஸ்டுக்குப் போறதுதான் சரி, பி.எட். பொருந்தும். சின்னப் பசங்களுக்குத்தான் எடுக்கணும்னு ஆசைன்னா இப்பவே டி.எல்.எட். பக்கம் திரும்பிடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு அழுது பிரயோஜனம் இல்ல.

படிக்கும்போதே சிடெட், அதாவது மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வு, எழுதிடுங்க. 150 மார்க்குக்கு 90 எடுத்தா பாஸ், ரெண்டாவது பேப்பர்ல கணக்கு அறிவியல் சேந்து வரும், முதல் மொழியா தமிழே எடுக்கலாம். நம்ம தமிழ்நாட்டு டெட் எழுதினா போதாதான்னு கேப்பீங்க. சிடெட்டை கேவியும் (கேந்திரிய வித்யாலயா) ஆர்மி ஸ்கூலும் எந்த ஸ்டேட்லயும் ஏத்துப்பாங்க, 2021-லேர்ந்து சர்ட்டிஃபிகேட் ஆயுசுக்கும் செல்லும், போஸ்டிங் மாறிட்டே இருக்கறவங்களுக்கு அதுதான் லாயக்கு.

ஆர்மி பப்ளிக் ஸ்கூல் எல்லாத்தையும் நடத்தறது 1983-ல ஆரம்பிச்ச ராணுவ நல கல்விச் சங்கம். டீச்சர் ஆகணும்னா அவங்க வைக்கற ஆன்லைன் ஸ்க்ரீனிங் டெஸ்ட், ஓஎஸ்டின்னு சொல்லுவாங்க, அதைப் பாஸ் பண்ணணும், அப்புறம் அந்தந்த ஸ்கூல்ல இன்டர்வியூ, வகுப்பு எடுத்துக் காட்டணும். இதுல நமக்கு வசதி என்னன்னா ஸ்கோர் கார்டு நாடு பூரா எந்த ஏபிஎஸ்ஸுக்கும் செல்லும், நந்தம்பாக்கமோ வெல்லிங்டனோ ஜலந்தரோ ஒரே கார்டுதான். போஸ்ட்ல ரெகுலர், சில வருஷத்துக்கான கான்ட்ராக்ட், தற்காலிகமா எடுக்கற அட்ஹாக்னு வகை இருக்கு. மனைவிமாருக்கு பெரும்பாலும் அட்ஹாக்தான் மாட்டும், சம்பளம் பாத்து மூஞ்சி சுளிக்காதீங்க, அடுத்த ஸ்டேஷன்ல அனுபவச் சான்றிதழ் நீட்டும்போது அதோட அருமை தெரியும்.

கேவி பத்தியும் சொல்லிடறேன். பிப்ரவரி, மார்ச் வாக்குல ஒவ்வொரு கேவியும் அடுத்த வருஷத்துக்கான கான்ட்ராக்ட் டீச்சர் லிஸ்டுக்கு வாக்-இன் இன்டர்வியூ வைக்கும், அறிவிப்பு அந்த ஸ்கூல் வெப்சைட்லயே வரும். டீச்சர் மட்டும் இல்ல, கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கறவங்க, நர்ஸ், கவுன்சிலர், யோகா டீச்சர்னு எல்லாம் எடுப்பாங்க. ஜூன்ல போய் கேட்டா லிஸ்ட் போட்டு முடிச்சிருப்பாங்க.

கடைசியா, வடக்க சில ஊர்ல "காலேஜுக்கே வர வேணாம் மேடம், பரிட்சைக்கு மட்டும் வாங்க, பி.எட். கையில குடுத்துடறோம்"னு புரோக்கர் வருவான். விரட்டி விடுங்க. காலேஜுக்கு என்சிடிஇ, அதாவது தேசிய ஆசிரியர் கல்வி கவுன்சிலோட அங்கீகாரம் இருக்கான்னு பாக்காம ஒத்த ரூபா கட்டாதீங்க. தபால்ல படிக்கலாம்னா இக்னோ (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) பி.எட். இருக்கு, ஆனா அது பயிற்சி முடிச்சு ஏற்கனவே டீச்சரா இருக்கறவங்களுக்கும், டி.எல்.எட். மாதிரி ஆசிரியர் பயிற்சி நேர்ல முடிச்சவங்களுக்கும்தான், உங்களுக்கு இப்ப ஆகாது.

கேள்வி: மேடம் நான் பத்தாவதுதான். ரெண்டு பசங்க. பஞ்சாப்ல குவார்ட்டர்ஸ்ல இருக்கோம். வெல்ஃபேர்ல டெய்லரிங் கிளாஸ், பியூட்டிஷியன் கிளாஸ் வைக்கறாங்க, வா வான்னு கூப்பிடறாங்க. என்னை மாதிரி ஆளுக்கு இவ்ளோதானா? – ஆரணியைச் சேர்ந்த வாசகி

பதில்: இவ்ளோதான்னு யார் சொன்னா? முதல்ல அந்த கிளாஸைக் குறைவா நினைக்காதீங்க. 1966-லேர்ந்து ஆவா, அதாவது ராணுவ மனைவியர் நலச் சங்கம், இதைச் செஞ்சுட்டு வருது, வீட்டை விட்டு வெளிய வரவும் நாலு பேர்கிட்ட ஹிந்தி பேசிப் பழகவும் அதுதான் வாசல். ஆனா என் அபிப்பிராயத்தை மறைக்காம சொல்றேன், ஒரே காம்பவுண்டுக்குள்ள இருக்கற எல்லாரும் பிளவுஸ் தைக்கக் கத்துக்கிட்டா யார் யாருக்குத் தைக்கறது? அந்த கிளாஸுக்குப் போங்க, கூடவே ப்ளஸ் டூவும் முடிங்க.

என்ஐஓஎஸ்னு மத்திய அரசோட திறந்தநிலைப் பள்ளி இருக்கு. அஞ்சு பாடம் பாஸ் பண்ணணும், ஒரே மூச்சுல எழுதணும்னு இல்ல, ரெஜிஸ்ட்ரேஷன் அஞ்சு வருஷம் செல்லும், வருஷத்துக்கு ரெண்டு தடவை பரிட்சை வருது, மொத்தம் ஒன்பது வாய்ப்பு. சின்னவனுக்கு காய்ச்சல்னா அந்த ஒரு பாடத்தை அடுத்த தடவைக்குத் தள்ளலாம். ப்ளஸ் டூ இல்லாம நேரா டிகிரி போட்டுத் தர்றோம்னு யாராவது சொன்னா போகாதீங்க, பத்து, ப்ளஸ் டூ, டிகிரிங்கற வரிசைல படிக்காத பட்டத்தை தமிழ்நாட்டு அரசு வேலைக்கு எடுத்துக்க மாட்டாங்க.

அப்புறம் டிகிரிக்கு இக்னோ. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் நல்லதுதான், ஆனா அதோட ஸ்டடி சென்டர், பரிட்சை எல்லாம் தமிழ்நாட்டுக்குள்ளதான், ஒவ்வொரு தடவையும் பஞ்சாப்லேர்ந்து ரயில் ஏற முடியுமா? இக்னோல ஜனவரி, ஜூலைன்னு ரெண்டு அட்மிஷன், போஸ்டிங் மாறினா ரீஜனல் சென்டரை மாத்திக்கலாம், பரிட்சை ஃபார்ம் போடும்போது அப்ப எந்த ஊர்ல இருக்கீங்களோ அங்க சென்டர் கேக்கலாம். மூணு வருஷ பி.ஏ.வை ஆறு வருஷம் வரைக்கும் இழுக்கலாம்.

இன்னொண்ணு, பத்தாவது சர்ட்டிஃபிகேட் வெச்சே டிஎன்பிஎஸ்சி குரூப் ஃபோர் எழுதலாம்னு உங்களுக்குத் தெரியும்தானே? லீவுல ஊருக்கு வந்து தங்கற சமயத்துலயோ அவர் ஃபீல்டு போற காலத்துலயோ டைப்ரைட்டிங் லோயர் தமிழும் இங்கிலீஷும் முடிச்சு வெச்சுக்கோங்க. வேலை தமிழ்நாட்டுக்குள்ளதான் கிடைக்கும், அதனால அவர் பென்ஷன்ல வர ரெண்டு மூணு வருஷம் இருக்கும்போது எழுதறது புத்திசாலித்தனம். ஜவான்ல நிறைய பேர் நாப்பது வயசுக்குள்ளயே பென்ஷன் வாங்கிட்டு வந்துடறாங்க, அதுக்கப்புறம் வீட்ல ஒரு சம்பளம் நிக்கணுமே.

கேள்வி: அவர் அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகறார். எக்ஸ்-சர்வீஸ்மேன் கோட்டாவை நான் மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி பரிட்சைக்குப் போட்டுக்கலாமா? – போளூர் வாசகி

பதில்: முடியாதும்மா. அந்த இட ஒதுக்கீடு அவருக்குத்தான், மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ மாத்திக் குடுக்க முடியாது. அப்ளிகேஷன்ல தப்பா டிக் அடிச்சா, சர்ட்டிஃபிகேட் சரிபார்ப்புல வெளிய அனுப்பிடுவாங்க, ஜாக்கிரதை.

கேள்வி: நான் ஹவில்தார். என் மனைவி எம்.காம். அவங்க வேலைக்குப் போகணும்ங்கறாங்க, எனக்கும் சம்மதம்தான். எங்கம்மா மட்டும் "நீ பார்டர்ல நிக்கற, அவ ஆபீஸ் போனா வீடு என்னாகும், ஊர் என்ன பேசும்"னு ஒரே சண்டை. ஃபோன்ல பேசியே எனக்கு நிம்மதி போச்சு. – ஃபீல்டுலேர்ந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, மனைவி எழுதுவாங்கன்னு பாத்தா நீங்க எழுதியிருக்கீங்க, சந்தோஷம். அம்மாவோட பயத்துல பாதி ஊர் வாய், பாதி "நாளைக்கு பேரப்பிள்ளையை யார் பாப்பா"ங்கறது. ஊர் வாயை நம்மால மூட முடியாது. இன்னொரு பாதிக்கு வழி இருக்கு. ஃபோன்ல வாதாடாதீங்க, சிக்னல் கட்டாகி கட்டாகி பேசறப்ப நல்ல வார்த்தையும் கெட்டதாத்தான் கேக்கும். அடுத்த லீவுல வரும்போது உங்க பென்ஷன் கணக்கை அம்மா முன்னாடி பேப்பர்ல போடுங்க, நீங்க எந்த வருஷம் வீட்டுக்கு வருவீங்க, அப்ப கைக்கு எவ்வளவு வரும், பெரியவன் அப்ப எந்த கிளாஸ் படிப்பான்னு. எம்.காம். படிச்ச பொண்ணுக்கு பக்கத்து டவுன்ல ஆடிட்டர் ஆபீஸ்ல டேலி, ஜிஎஸ்டி வேலை தாராளமா இருக்கு, அரை நாள் வேலையா ஆரம்பிக்கலாம். அந்தக் கணக்கு வேலையை நாளைக்கு நீங்க எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் வீட்லேர்ந்தே லேப்டாப்ல செய்யலாம். முதல் மாசச் சம்பளத்துல அம்மாவுக்கு ஒரு புடவை எடுத்துக் குடுக்கச் சொல்லுங்க, அடுத்த மாசம் ஊர் வாய்க்கு அம்மாவே பதில் சொல்லிடுவாங்க.

கேள்வி: நான் ஜிஎன்எம் நர்ஸ், தமிழ்நாட்டு கவுன்சில் ரெஜிஸ்ட்ரேஷன் இருக்கு. வீட்டுக்காரருக்கு உத்தரப் பிரதேசம் போஸ்டிங் வந்திருக்கு. அங்க போனா உடனே வேலை கிடைக்குமா? மிலிட்டரி நர்ஸா சேர முடியுமா? – காட்பாடி வாசகி

பதில்: நர்ஸ் வேலைக்கு எந்த ஊர்லயும் தட்டுப்பாடு இல்ல, உங்க தடை பேப்பர்தான். நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷன் மாநிலத்துக்கு மாநிலம் தனி. தமிழ்நாடு நர்ஸஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்லேர்ந்து என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி அந்த மாநில கவுன்சில்ல பதிஞ்சுக்கணும். இந்திய நர்சிங் கவுன்சிலோட என்ஆர்டிஎஸ் பதிவுல உங்க நம்பர் ஏறியிருக்கான்னு இப்பவே பாத்துடுங்க, பேக்கிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அப்ளிகேஷன் போட்டுடுங்க. அங்க போய்ச் சேந்தப்புறம் ஆரம்பிச்சா மாசக்கணக்குல வீட்ல உக்காரணும்.

போன ஊர்ல இசிஹெச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தோட பாலிகிளினிக் எங்க இருக்குன்னு விசாரிங்க. ஸ்டேஷன் ஹெட்குவார்ட்டர்ஸ் கான்ட்ராக்ட்ல நர்ஸ், ஃபார்மசிஸ்ட், லேப் டெக்னீஷியன், கிளார்க் எடுப்பாங்க. முன்னாள் படைவீரருக்கு முன்னுரிமை உண்டு, ஆனாலும் மத்தவங்களும் போடலாம்.

மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் தனி கதை. அது ஆபீசர் ரேங்க், நாடு பூரா போஸ்டிங், நீங்க அவர் இருக்கற ஊர்லயே இருப்பீங்கன்னு எதிர்பாக்க முடியாது. வயசு, தகுதி எல்லாம் அந்தந்த நோட்டிஃபிகேஷன் பாத்துக்கோங்க. இந்த இடத்துல ஒண்ணு சொல்லாம இருக்க முடியல: செலினா ஜான்னு ஒரு லெப்டினென்ட், மிலிட்டரி நர்ஸ், கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு 1988-ல வேலையை விட்டு அனுப்பினாங்க. கல்யாணம் ஆச்சுன்னா வெளிய போன்னு அப்ப ரூலே இருந்துச்சு, 1995-லதான் அதை எடுத்தாங்க. அந்தம்மா விடாம கேஸ் நடத்தி 2024 பிப்ரவரில சுப்ரீம் கோர்ட் அது தப்புன்னு சொல்லி 60 லட்சம் நஷ்டஈடு குடுக்கச் சொல்லிச்சு. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிருக்கு பாருங்க.

கேள்வி: அமெரிக்காவுல ராணுவத்துல இருக்கறவங்க மனைவிக்கு அரசாங்கமே படிக்கக் காசு குடுக்குதாமே, உண்மையா? – வாலாஜாப்பேட்டை வாசகி

பதில்: உண்மைதான், MyCAAன்னு ஒரு திட்டம், கீழ்மட்ட ரேங்க்ல இருக்கறவங்களோட கணவன் மனைவிக்கு 4,000 டாலர் வரைக்கும். அதுலயும் கவனிங்க, லைசென்ஸ், சர்ட்டிஃபிகேட், ரெண்டு வருஷ டிகிரி மாதிரி எங்க போனாலும் வேலைக்கு ஆகற படிப்புக்குத்தான் குடுக்கறாங்க. போன கேள்வில காட்பாடி தங்கச்சிக்கு வந்த பிரச்சனை அங்கயும் உண்டு, ஒரு ஸ்டேட் நர்ஸ் லைசென்ஸ் எல்லா ஸ்டேட்லயும் செல்லாது. 2023 ஜனவரில சட்டம் போட்டு, ராணுவ ஆர்டர்ல ஊர் மாறினா பழைய லைசென்ஸையே நிறைய தொழிலுக்கு ஏத்துக்கணும்னு ஆக்கிட்டாங்க. இங்கயும் அப்படி ஒண்ணு வந்தா எத்தனையோ நர்ஸுங்க சும்மா உக்காந்திருக்க மாட்டாங்க.

கேள்வி: நான் தமிழ்நாட்டு அரசுப் பள்ளில டீச்சர். கணவர் சுபேதார், பட்டிண்டாவுல இருக்கார். கணவன் மனைவி ஒரே ஊர்ல இருக்கணும்னு மத்திய அரசு ஆர்டரே இருக்காமே, அதை வெச்சு நான் அங்க டிரான்ஸ்ஃபர் வாங்க முடியுமா? என் தங்கச்சியும் பட்டாளத்துக்காரரைத்தான் கட்டப்போறா, பேங்க் பரிட்சைக்குப் படிக்கறா, அவளுக்கும் சேத்து சொல்லுங்க. – செய்யாறு வாசகி

பதில்: ஆர்டர் இருக்கு, 2009 செப்டம்பர் 30 தேதி போட்டது. ரெண்டு பேரும் அரசு வேலைல இருந்தா முடிஞ்ச வரைக்கும் ஒரே ஸ்டேஷன்ல போடணும்ங்குது. ஆனா மாநில அரசு டீச்சரை பஞ்சாபுக்கு மாத்த அதுல வழி இல்ல, நீங்க இருக்கற ஊர்ப்பக்கம் அவரைப் போடப் பாருங்கங்கறதுதான் அதிகபட்சம், ராணுவத்துல அது எந்த அளவுக்கு நடக்கும்னு உங்களுக்கே தெரியும். இதை உரிமையா கேக்கவும் முடியாது, கைட்லைன் மட்டும்தான்னு 1993-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. நீங்க வேலையை விட்டுட்டு கிளம்பிடாதீங்க. ஸ்கூல் லீவுக்கு நீங்க போங்க, அவர் லீவுக்கு அவர் வரட்டும். கஷ்டம்தான். ஆனா அரசு டீச்சர் வேலையை ராஜினாமா பண்ணிட்டு ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஊர்ல அட்ஹாக் டீச்சரா நிக்கறது அதைவிடக் கஷ்டம்.

தங்கச்சி விஷயம் வேற, அவ இன்னும் தேர்ந்தெடுக்கற இடத்துல இருக்கா. பேங்க்ல கிளார்க் போஸ்ட் ஸ்டேட் வாரியா எடுக்கறது, அந்த ஊர் பாஷை தெரியணும், தமிழ்நாட்டுக்குப் போட்டா தமிழ்நாட்டுலயே இருக்கணும்னு வெச்சுக்கோங்க, வெளி மாநிலம் மாறறது குதிரைக்கொம்பு. பிஓன்னா, அதாவது புரொபேஷனரி ஆபீசர்னா ஆல் இந்தியா. கல்யாணமான பெண் ஊழியர்களை முடிஞ்ச வரைக்கும் கணவர் இருக்கற ஊர்ப்பக்கம் போடுங்கன்னு 2014 ஆகஸ்ட்ல நிதி அமைச்சகம் அரசு பேங்குகளுக்கு லெட்டரும் போட்டிருக்கு. அதனால பட்டாளத்துக்காரரைக் கட்டப்போற பொண்ணு கஷ்டப்பட்டாவது பிஓவுக்குப் படிக்கறது நல்லது. மத்திய அரசு வேலையா இருந்தா குழந்தை வளர்ப்பு லீவும் இருக்கு, மொத்த சர்வீஸ்ல 730 நாள், முதல் 365 நாள் முழுச் சம்பளம், மீதிக்கு 80 சதவீதம். அவர் ஃபீல்டுக்குப் போய், சின்னது ஒண்ணு பத்தாவது பரிட்சைல நிக்கும்போது அது எவ்ளோ உதவும்னு அப்ப தெரியும்.

கேள்வி: எனக்கு ஓபிசி சர்ட்டிஃபிகேட் வேணும். கணவர் ஜேசிஓ (ஜூனியர் கமிஷண்ட் ஆபீசர்), சம்பளம் எட்டு லட்சத்தைத் தாண்டுது, கிரீமிலேயர், அதாவது வசதியானவங்க, ஒதுக்கீடு கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. உண்மையா? – ஆம்பூர் வாசகி

பதில்: கல்யாணமான பொண்ணுக்கு கிரீமிலேயர் பாக்கறது அப்பா அம்மா நிலைமையை வெச்சு, புருஷன் சம்பளத்தை வெச்சு இல்ல. இ-சேவைல உக்காந்திருக்கற பையன் கணவர் சம்பள ஸ்லிப் கேட்டா பொறுமையா இதைச் சொல்லுங்க, ஒத்துக்கலன்னா தாசில்தார் ஆபீஸ்ல நேர்ல பேசுங்க. அப்பா விவசாயமா, கடையா, வேலையா, அந்தப் பேப்பரை எடுத்துட்டுப் போங்க. நோட்டிஃபிகேஷன் என்ன தேதி கேக்குதுன்னு பாத்து அந்த வருஷத்துக்கு புதுசா வாங்குங்க, பழசை நீட்டினா ஜெனரல்ல தள்ளிடுவாங்க.

கேள்வி: குவார்ட்டர்ஸ்ல இருந்து சமையல் யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாமா? பக்கத்து வீட்டு வங்காளி அக்கா கூட ஆசைப்படறாங்க. – வாசகி, ஊர் வேணாம்

பதில்: சமையல் பண்ணலாம், வீடியோவும் பண்ணலாம், கேமரா அடுப்பை மட்டும் பாக்கட்டும். ஜன்னல் வழியா தெரியற கேட், வண்டி நம்பர், யூனிட் போர்டு, அவர் யூனிஃபார்ம் காயற கொடி, "நாளைக்கு அவர் கிளம்பறாரு"ங்கற பேச்சு எதுவும் வரக்கூடாது. 2020 ஜூலைல ராணுவத்துல இருக்கறவங்க ஃபோன்லேர்ந்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்பை எடுக்கச் சொன்னாங்கல்ல, அது எதுக்குன்னு யோசிச்சா போதும். தப்பு நீங்க பண்ணினாலும் விளக்கம் கேக்கறது அவர்கிட்டதான். "பட்டாளத்து மனைவி சமையல்"னு பேரும் வைக்காதீங்க. இட்லிமாவு, ஊறுகாய்னு குவார்ட்டர்ஸ்ல விக்கறதா இருந்தா அதுக்கு ஸ்டேஷன்ல பர்மிஷன் கேட்டுட்டு செய்யுங்க, அரசு வீட்ல கேக்காம வியாபாரம் பண்ணக்கூடாது.

கேள்வி: எனக்கு வயசு 27. அவர் டியூட்டில இறந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுது. பையனுக்கு நாலு வயசு. பி.ஏ. முடிச்சிருக்கேன். வேலைக்குப் போனா ஃபேமிலி பென்ஷனை நிறுத்திடுவாங்கன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. இருக்கறதும் போயிடுமோன்னு பயமா இருக்கு. – ஒரு வாசகி

பதில்: நிறுத்த மாட்டாங்கம்மா. நீங்க அரசு வேலைக்குப் போனாலும் தனியார் வேலைக்குப் போனாலும் மனைவிக்கு வர்ற ஃபேமிலி பென்ஷன் அப்படியே வரும். இதை யார் கேட்டாலும் தைரியமா சொல்லுங்க. சொந்தக்காரங்க நல்லதுக்குச் சொல்றாங்களோ வேற எதுக்குச் சொல்றாங்களோ, பென்ஷன் விஷயத்துல மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தைத் தவிர வேற யார் பேச்சையும் கேக்காதீங்க.

படிக்க ஆசைன்னா பிரதமர் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு இருக்கு, முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கும் கணவரை இழந்த மனைவிக்கும். பி.எட். மாதிரி தொழிற்படிப்பை ரெகுலர்ல படிச்சா பெண்களுக்கு மாசம் 3,000 ரூபா. டிகிரில 60 சதவீதம் எடுத்திருக்கணும், தபால் படிப்புக்குக் கிடையாது. மத்திய அரசு குரூப் சி வேலைக்கு கணவரை இழந்தவங்களுக்கு 35 வயசு வரைக்கும் சலுகை இருக்கு, பிற்படுத்தப்பட்டவங்களுக்கு 38, எஸ்சி எஸ்டிக்கு 40.

இன்னொண்ணு சொல்றேன், உடனே முடியாதுன்னு சொல்லிடாதீங்க. சர்வீஸ்ல இறந்தவங்களோட மனைவி ஆர்மி ஆபீசராவே ஆகலாம். ஷார்ட் சர்வீஸ் கமிஷன்ல அவங்களுக்குன்னு தனியா இடம் வைக்கறாங்க, எந்த டிகிரியா இருந்தாலும் போதும், 35 வயசு வரைக்கும் போடலாம், எழுத்துத் தேர்வு இல்லாம நேரா எஸ்எஸ்பி (ஆபீசர் தேர்வு வாரியம்) இன்டர்வியூ. பயிற்சி ஓடிஏங்கற ஆபீசர் பயிற்சி அகாடமில, நம்ம சென்னை பரங்கிமலைல ஒண்ணு இருக்கு. கால்வான்ல 2020-ல இறந்த நாயக் தீபக் சிங்கோட மனைவி ரேகா சிங் அங்க பயிற்சி முடிச்சு 2023 ஏப்ரல்ல லெப்டினென்ட் ஆனாங்க. அதுக்கு முன்னாடி 2017-ல கர்னல் சந்தோஷ் மகாதிக்கோட மனைவி ஸ்வாதி மகாதிக், ரெண்டு பிள்ளைங்களை ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்து அதே பரேடு கிரவுண்டுல நின்னாங்க. ஆபீசர் மனைவிக்குத்தான் இதெல்லாம்னு நினைக்காதீங்க, ரேகா சிங் ஒரு நாயக்கோட மனைவி. கஷ்டம் எதுன்னும் சொல்லிடறேன்: இடம் ஒண்ணு ரெண்டுதான் இருக்கும், இங்கிலீஷ்ல பேசிப் பழகணும், ஓட்டம், உடம்பு எல்லாம் பாப்பாங்க, கிட்டத்தட்ட ஒரு வருஷம் பையனை அம்மாகிட்ட விடணும். உங்களுக்கு வயசு 27, இன்னும் எட்டு வருஷம் கையில இருக்கு, பையன் ஸ்கூல் போக ஆரம்பிச்சப்புறம் கூட யோசிக்கலாம். வேணாம்னு தோணினாலும் தப்பில்ல, பி.எட். பண்ணுங்க.

கேள்வி: ஹிந்தி தெரியாம அங்க வேலை கிடைக்குமா அக்கா? – பேரணாம்பட்டு வாசகி

பதில்: கிளாஸ்ல பாடம் இங்கிலீஷ்லதான் எடுக்கணும், ஆனா ஸ்டாஃப் ரூம், பேரன்ட்ஸ், ஆட்டோக்காரர் எல்லாம் ஹிந்தி. ஊர்ல இருக்கும்போதே பிரச்சார சபாவுல பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா வரைக்கும் எழுதிடுங்க, எழுத்து படிக்க வந்துடும். பேச்சு பக்கத்து குவார்ட்டர்ஸ் பாபி (அண்ணி) கத்துக் குடுப்பாங்க, நீங்க சாம்பார் கத்துக் குடுங்க. இதுல அரசியலை இழுக்காதீங்க, வயித்துப் பிழைப்பு.

கேள்வி: என் பத்தாவது சர்ட்டிஃபிகேட்ல அப்பா இனிஷியல். கல்யாணத்துக்கப்புறம் ஆதார்ல அவர் இனிஷியல் மாத்திட்டாங்க. அவர் யூனிட்ல என் பேரை வேற ஸ்பெல்லிங்ல, அவர் பேரையும் சேத்து போட்டிருக்காங்க. இப்ப சிடெட் அப்ளிகேஷன்ல எதைப் போடறது? – அணைக்கட்டு வாசகி

பதில்: பத்தாவது சர்ட்டிஃபிகேட்ல இருக்கறதைப் போடுங்க. வேலை குடுக்கறவங்க எல்லாரும் கடைசியா அதைத்தான் பாப்பாங்க. கல்யாணம் ஆனதும் இனிஷியல் மாத்தறது நம்ம ஊர்ல பழக்கமாயிடுச்சு, சட்டம் ஒண்ணும் அப்படிச் சொல்லல, மாத்தாம விட்டவங்க பிழைச்சாங்க. முதல்ல ஆதாரைத் திரும்ப பத்தாவதுல இருக்கற மாதிரியே திருத்துங்க. அப்புறம் அவர்கிட்ட சொல்லி யூனிட் ஆபீஸ்ல கல்யாணத்தைப் பதிஞ்ச பார்ட் டூ ஆர்டர்ல உங்க பேரைச் சரி பண்ண அப்ளிகேஷன் குடுக்கச் சொல்லுங்க, டிபெண்டன்ட் கார்டு, கேன்டீன் கார்டு, நாளைக்கு பென்ஷன் பேப்பர் வரைக்கும் எல்லாம் அந்த ஒரு பதிவுலேர்ந்துதான் வரும். இதெல்லாம் செஞ்சும் ஒத்துப்போகலன்னா அரசிதழ்ல பேர் மாத்தற வழி இருக்கு, அதுக்கு உடனே போகாதீங்க, முதல் ரெண்டும் முடியட்டும்.